"டாக்" என்று அழைக்கப்படுபவர்: மரைன்களோடு களம் செல்லும் கடற்படை மருத்துவ உதவியாளர்கள்

அமெரிக்க மரைன் வீரர்களின் குழுப் படம் ஒன்றில், மற்றவர்களைப் போலவே புள்ளி புள்ளியான பச்சை உடுப்பில் நிற்கும் ஒருவருடைய இடது சட்டைப்பைக்கு மேல் மட்டும் "யு.எஸ். நேவி" என்று தைத்திருப்பதைக் கவனித்த ஒரு நண்பர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். அவர் மரைனா, கடற்படைக்காரரா? காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர்களுக்கு இத்தனை வீரப் பதக்கங்கள் கிடைத்தது எப்படி? அந்த அங்கீகாரத்தை யார், எதை வைத்துத் தருகிறார்கள்? முதல் கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்லிவிடலாம். அவர் கடற்படைக்காரர், சம்பளமும் பதவி உயர்வும் அங்கிருந்து வருகின்றன, உண்பதும் உறங்குவதும் நடப்பதும் சாவதும் மரைன்களோடு. மற்ற இரண்டு கேள்விகளுக்கும் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

மரைன் படைக்கென்று சொந்தமாக மருத்துவப் பிரிவு கிடையாது. மருத்துவர், பல் மருத்துவர், மதகுரு ஆகிய அனைவரையும் கடற்படைதான் கொடுத்து உதவுகிறது. 1775இல் கப்பல்களில் ஏறிச் சென்று சண்டையிடுவதற்காகத் திரட்டப்பட்ட படை அது. கப்பலில் ஏற்கெனவே ஓர் அறுவை மருத்துவர் இருந்ததால் தனக்கென்று இன்னொருவரை வைத்துக்கொள்ளும் தேவை அதற்கு எழவில்லை. இரண்டாம் உலகப்போரில் அது ஆறு டிவிஷன்கள் கொண்ட பெரும்படையாக வளர்ந்த பிறகும் அந்தப் பழைய ஏற்பாடு மாறவில்லை. அதற்குப் பழக்கம் மட்டுமே காரணம் என்று நான் கருதவில்லை. சமையற்காரராக இருந்தாலும் எழுத்தராக இருந்தாலும் ஒவ்வொரு மரைனும் முதலில் துப்பாக்கி வீரரே என்பது அந்தப் படையின் அடிப்படைக் கொள்கை. மருத்துவப் பணியாளரோ, போர்ச் சட்டத்தின்படி தாக்குதலில் பங்கேற்கக் கூடாதவர். இந்த இரண்டையும் ஒரே ஆள்மீது சுமத்துவதைவிட, அந்த ஆளைப் பக்கத்துப் படையிலிருந்து வாங்கிக்கொள்வது மரைன்களுக்கு வசதியாகவே இருந்திருக்கிறது.

பழைய பாய்மரக் கப்பல்களில் மருத்துவருக்கு எடுபிடியாக இருந்தவரை, ஆங்கிலேயக் கப்பல்களின் வழக்கைப் பின்பற்றி "லாப்லாலி பாய்" என்று அழைத்தார்கள். லாப்லாலி என்பது நோயாளிகளுக்கு ஊற்றிய கூழ். கஞ்சிப் பையன் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். கஞ்சி ஊற்றுவதோடு அவருடைய வேலை முடியவில்லை. சண்டை தொடங்குமுன் இரத்தத்தில் கால் வழுக்காமலிருக்கத் தளத்தில் மணல் தூவுவதும், காயத்தைச் சுடும் இரும்பைக் கனலில் வைத்திருப்பதும், வெட்டியெடுத்த கை கால்களை வாளியில் அள்ளிச் செல்வதும் அவர் பொறுப்பாகவே இருந்தன. ஸ்பெயினுடன் போர் நடந்துகொண்டிருந்த 1898 ஜூன் 17 அன்று அதிபர் மெக்கின்லி கையெழுத்திட்ட சட்டம்தான் இவர்களை 'ஹாஸ்பிட்டல் கோர்' என்ற முறையான அமைப்பாக்கியது. பதவியின் பெயர் பலமுறை மாறி, இரண்டாம் உலகப்போரில் 'ஃபார்மசிஸ்ட்ஸ் மேட்' என்றிருந்து, 1948இல் இன்றைய 'ஹாஸ்பிட்டல் கோர்மன்' என்றானது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் நடுவே எழுதப்படும் இரண்டு எழுத்துகள் ஒலிப்பதில்லை. 2010இல் அதிபர் ஒபாமா ஓர் உரையில் அவற்றையும் சேர்த்து உச்சரித்துவிட, "பிணமனிதன்" என்று பொருள்படும்படி ஆகிப் பெரும் கேலிக்கு உள்ளானார். தங்கள் படைத்தலைவருக்கே தங்கள் பெயர் பழகவில்லையே என்று அன்று பல கோர்மன்கள் வருந்தியிருப்பார்கள்.

கடற்படையில் மருத்துவ உதவியாளராகச் சேரும் ஒருவர் முதலில் டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் முப்படைகளுக்கும் பொதுவாக உள்ள வளாகத்தில் சில மாதங்கள் அடிப்படை மருத்துவப் பயிற்சி பெறுகிறார். அங்கிருந்து பெரும்பாலோர் மருத்துவமனைக்கோ கப்பலுக்கோ போய்விடுகிறார்கள். இவர்களை "நீலப் பக்கம்" என்பார்கள். மரைன்களிடம் அனுப்பப்படுபவர் "பச்சைப் பக்கம்" ஆகிறார். அவர் வட கரோலினாவிலோ கலிஃபோர்னியாவின் கேம்ப் பெண்டில்டனிலோ ஏறத்தாழ எட்டு வாரங்கள் களப் பயிற்சி பெற வேண்டும். சுமையோடு மலையேறுவது, இருட்டில் கைத்தடவலாகக் கட்டுப் போடுவது, தன்னைவிட எடை மிகுந்தவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாம் அங்கேதான். பிறகு அவர் ஒரு பிளாட்டூனில் சேர்க்கப்படுகிறார். நாற்பது பேர் கொண்ட பிளாட்டூனுக்கு வழக்கமாக ஒருவர் அல்லது இருவர் கிடைப்பார்கள். மருத்துவர் பின்னால், பட்டாலியனின் உதவி நிலையத்தில் இருப்பார். முன்வரிசையில் குண்டு பாய்ந்த ஒருவருக்கு முதல் பத்து நிமிடத்தில் மருத்துவம் என்று ஏதாவது கிடைத்தால் அது இருபது வயதுகூட நிரம்பாத இந்தக் கடற்படைக்காரரின் கையிலிருந்துதான் கிடைக்கும்.

சண்டை இல்லாத நாட்களே அதிகம் என்பதால் அந்த நாட்களின் வேலையையும் சொல்ல வேண்டும். நீண்ட நடைக்குப் பிறகு பிளாட்டூன் உட்கார்ந்ததும் மற்றவர்கள் பையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்துவிடலாம். மருத்துவ உதவியாளர் உட்காரக் கூடாது. ஒவ்வொருவராகச் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, பாதத்தைக் கையில் ஏந்தி, கொப்புளம், வெடிப்பு, விரலிடுக்கில் ஈரத்தால் வெளுத்த தோல் ஆகியவற்றைப் பார்த்து, காலுறையை மாற்ற வைத்து, தண்ணீர் குடித்தாயா, சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது என்று கேட்டுக்கொண்டே வரிசையின் கடைசிவரை போய்விட்டுத்தான் அவர் தம்முடைய சப்பாத்தைக் கழற்றுவார். மலேரியா மாத்திரையைத் துப்பிவிடாமல் விழுங்கினார்களா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதும் அவர் வேலை. வீட்டிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் இருப்பவரை முதலில் கவனிப்பவரும் பெரும்பாலும் அவர்தான்.

அவரை "டாக்" என்று அழைக்கும் வழக்கம் இங்கிருந்துதான் வருகிறது. டாக்டர் என்பதன் சுருக்கம் அது. ஆனால் மரைன்கள் அதை மருத்துவப் பட்டம் பெற்ற அதிகாரிக்குக் கொடுப்பதைவிட இவருக்குக் கொடுப்பதே அதிகம். புதிதாக வந்தவரைப் பெயர் சொல்லியோ, கிண்டலாக வேறு எதையாவது சொல்லியோதான் கூப்பிடுவார்கள். எப்போது அது "டாக்" என்று மாறும் என்பதற்கு விதி எதுவுமில்லை. சிலருக்கு ஒரு கடுமையான நடைப்பயிற்சி போதும்; சிலருக்கு முதல் காயக்காரர் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். மாறிய பிறகு அந்தப் பெயர் போவதில்லை. எழுபது வயதில் நடக்கும் பழைய படையினர் சந்திப்புகளிலும் அவர் "டாக்"தான். இந்தப் பெயரை நான் வெறும் செல்லப்பெயராகக் கருதவில்லை. பின்னால் வரும் எந்தப் பதக்கத்துக்கும் அடிப்படையாக இருப்பது இதே மரைன்களின் வாய்ச்சொல்தான் என்பதால், அங்கீகாரம் தொடங்கும் இடமாகவே கருதுகிறேன்.

இனிப் பதக்கங்களுக்கு வருவோம். அமெரிக்கப் படைகளின் மிக உயர்ந்த விருதான மெடல் ஆஃப் ஹானரைக் கடற்படை மருத்துவ உதவியாளர்கள் 22 பேர் பெற்றிருக்கிறார்கள். முதலாமவர் ராபர்ட் ஸ்டான்லி. 1900 ஜூலையில் பெய்ஜிங்கில் அயல்நாட்டுத் தூதரகங்கள் முற்றுகையிடப்பட்டிருந்தபோது, குண்டுமழைக்கு நடுவே செய்தி கொண்டு செல்லத் தாமாக முன்வந்ததற்காக அவர் அதைப் பெற்றார். மருத்துவ வேலைக்காகக் கிடைத்ததல்ல என்பது ஒரு வேடிக்கை. அவருக்குப் பின், முதல் உலகப்போருக்கு முன்பு மேலும் மூவர் பெற்றார்கள். முதல் உலகப்போரில் பிரான்சில் மரைன்களோடு நின்ற ஜான் பால்ச், டேவிட் ஹேடன் இருவரும் பெற்றார்கள். இரண்டாம் உலகப்போரில் ஏழு பேர். அவர்களில் நால்வர் ஜப்பானின் ஐவோ ஜிமா தீவிலும் மூவர் ஒகினாவாவிலும், எல்லாரும் மரைன்களோடு. கொரியாவில் ஐந்து பேர். அந்தப் போரில் கடற்படையின் அதிகாரியல்லாதவர்களில் இந்த விருதைப் பெற்றவர்கள் இவர்கள் ஐவர் மட்டுமே. வியட்நாமில் நான்கு பேர். இந்தக் கடைசி மூன்று போர்களின் பதினாறு பேரில் பத்துப் பேர் விருதைப் பார்க்க உயிரோடு இல்லை.

ஏன் இவ்வளவு என்ற கேள்விக்கு ஐவோ ஜிமாவை நெருங்கிப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும். 1945 பிப்ரவரி 19 முதல் மார்ச் 26 வரை நடந்த அந்தப் போரில் தீவின் கடற்கரை முழுவதும் கருநிற எரிமலைச் சாம்பல். பதுங்கத் தோண்டினால் குழி தானாகவே சரிந்து மூடிக்கொள்ளும். காயம்பட்டவருக்கு அன்று களத்திலேயே தரக்கூடிய மிகப் பெரிய சிகிச்சை பிளாஸ்மா, அதாவது இரத்தத்தின் திரவப் பகுதி. உலர்ந்த பொடியாக ஒரு புட்டியிலும், அதைக் கரைக்கும் வடிநீர் இன்னொரு புட்டியிலுமாக அது வரும். இரண்டையும் கலந்து, பொடி முழுவதும் கரையும்வரை பொறுத்து, அதிர்ச்சியில் சுருங்கிப்போன இரத்தக் குழாயைத் தேடி ஊசியை ஏற்றி, புட்டி காலியாகும்வரை அதை உயரத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். தரையோடு தரையாகப் படுத்திருந்தால்தான் உயிர் தப்பும் என்ற இடத்தில், கையில் மின்னும் கண்ணாடிப் புட்டியோடு ஒருவர் பல நிமிடங்கள் எழுந்து மண்டியிட்டிருந்தார் என்பதே இதன் பொருள். மார்ஃபின் ஊசி போட்டால், பின்னாலிருப்பவர் தெரியாமல் இரண்டாவது முறை போட்டுவிடாமலிருக்க நெற்றியில் ஓர் எழுத்தை எழுதிவிட வேண்டும். இதையெல்லாம் முடிக்குமுன் அடுத்த குரல் "கோர்மன்!" என்று கேட்டுவிடும்.

பிப்ரவரி 21 அன்று ஜான் பிராட்லி என்பவர் இப்படி ஒரு காயக்காரரிடம் ஓடினார். உதவிக்கு எழுந்தவர்களை அங்கேயே இருக்கும்படி சைகை காட்டிவிட்டு, குண்டு வரும் பக்கம் தம் உடலை மறைப்பாக வைத்துக்கொண்டு, ஒரு துப்பாக்கியை மணலில் நட்டு அதில் பிளாஸ்மாப் புட்டியைக் கட்டித் தொங்கவிட்டு, கட்டுப் போட்டு முடித்து, அந்த மரைனை முப்பது கெஜ தூரம் இழுத்து வந்து சேர்த்தார். கடற்படையின் இரண்டாவது உயர்ந்த வீர விருதான நேவி கிராஸுக்கான அவருடைய பாராட்டுரை இதை அப்படியே பதிவு செய்திருக்கிறது. ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 28 அன்று, ஜான் வில்லிஸ் குண்டுக்குழி ஒன்றில் பிளாஸ்மா ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒரு கையெறி குண்டு உள்ளே விழுந்தது. அதை எடுத்து வெளியே வீசிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அடுத்தடுத்து மேலும் ஏழு விழுந்தன, ஏழையும் வீசினார். ஒன்பதாவது அவர் கையிலேயே வெடித்தது.

ஜார்ஜ் வாலன் விமானப் பொறியியல் வேலை கிடைக்கும் என்று கடற்படையில் சேர்ந்து, விருப்பமில்லாமல் மருத்துவப் பிரிவுக்கு அனுப்பப்பட்டவர். பிப்ரவரி 26 அன்று காயம்பட்டும் பின்வாங்க மறுத்தார். பக்கத்துப் பிளாட்டூனில் அடி அதிகம் விழுந்தபோது அங்கே போய் பதினான்கு பேருக்குச் சிகிச்சை செய்துவிட்டுத் தம் பிளாட்டூனுக்குத் திரும்பினார். மார்ச் 2 அன்று மறுபடியும் காயம், மறுபடியும் மறுப்பு. மறுநாள் மூன்றாவது முறையாக அடிபட்டு நடக்க முடியாமல் போனபின், ஐம்பது கெஜம் தவழ்ந்து சென்று இன்னொருவருக்குக் கட்டுப் போட்டார். அவர் பிழைத்தார், பிற்பாடு தரைப்படையில் சேர்ந்து மேஜராக ஓய்வு பெற்றார். சால்ட் லேக் சிட்டியிலுள்ள முன்னாள் படையினர் மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

ஒகினாவாவில் 1945 மே 2 அன்று ராபர்ட் புஷ் செய்ததைப் பற்றி ஒரு நியாயமான கேள்வி எழக்கூடும். காயம்பட்ட அதிகாரி ஒருவருக்குப் பிளாஸ்மா ஏற்றிக்கொண்டிருந்தபோது எதிரிகள் நெருங்க, பதினெட்டே வயதான அவர் ஒரு கையில் புட்டியை உயரப் பிடித்தபடி மறு கையால் கைத்துப்பாக்கியை எடுத்துத் தோட்டா தீரும்வரை சுட்டார். பிறகு கீழே கிடந்த கார்பைன் துப்பாக்கியை எடுத்துச் சண்டையைத் தொடர்ந்தார். ஒரு கண் போனது. மருத்துவப் பணியாளர் சுடலாமா? தம்மையும் தம் பொறுப்பிலுள்ள காயக்காரரையும் காத்துக்கொள்ள ஆயுதம் ஏந்தலாம் என்று ஜெனீவா உடன்படிக்கைகள் அனுமதிக்கின்றன. அதனால் அவருடைய பாதுகாப்பு நிலை போய்விடுவதில்லை. தாக்குதலில் இறங்கினால்தான் போய்விடும். பசிபிக் போரில் செஞ்சிலுவை அடையாளம் காப்பதற்குப் பதிலாகக் குறிபார்க்கவே உதவியது என்பதால் மருத்துவ உதவியாளர்கள் அதைக் கழற்றிவிட்டு ஆயுதம் தாங்கினார்கள். இன்றும் மரைன்களோடு செல்பவர் மற்றவர்களைப் போலவே ஆயுதத்தோடுதான் செல்கிறார்.

ஒகினாவாவில் ஜூன் 8 அன்று ஃப்ரெட் லெஸ்டர் செய்தது இதைவிட அமைதியானது. எனக்கு எல்லாவற்றிலும் மேலாகத் தோன்றுவதும் அதுதான். தம் காயம் பிழைக்க விடாதது என்று அவருக்குத் தொழிலறிவாலேயே தெரிந்திருந்தது. ஆகவே தமக்குச் சிகிச்சை வேண்டாமென்று மறுத்துவிட்டு, காயம்பட்டிருந்த வேறு இரண்டு மரைன்களுக்கு எப்படிக் கட்டுப் போடுவது என்று பக்கத்திலிருந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இறந்தார்.

இனி மூன்றாவது கேள்வி. களத்தில் ஒருவர் செய்த செயலுக்குப் பதக்கம் கிடைக்க வேண்டுமானால், கண்ணால் கண்டவர்கள் எழுத்தில் சாட்சி சொல்ல வேண்டும். அவருடைய மேலதிகாரி அதை இணைத்துப் பரிந்துரைக்க வேண்டும். அந்தத் தாள் பட்டாலியன், ரெஜிமென்ட், டிவிஷன் என்று ஒவ்வொரு மேசையாக ஏறிப் போக வேண்டும். மெடல் ஆஃப் ஹானருக்குக் கால வரம்பும் உண்டு. அது கடந்துவிட்டால் நாடாளுமன்றம் தனியாக அனுமதிக்க வேண்டும். மருத்துவ உதவியாளரின் செயலுக்கு மிக அருகிலிருந்த சாட்சி அவர் கட்டுப் போட்ட ஆள்தான். அவரோ நினைவிழந்து கிடந்திருப்பார், அல்லது விமானத்தில் ஏற்றப்பட்டு வேறொரு நாட்டு மருத்துவமனையில் இருப்பார், அல்லது இறந்திருப்பார். மற்றவர்கள் தலையைக் குனிந்திருந்த நேரத்தில்தான் இவர் எழுந்து ஓடியிருப்பார். ஆகவே இத்தனை பதக்கங்கள் கிடைத்தன என்பதைவிட, எத்தனை செயல்கள் தாளுக்கே வராமல் போயிருக்கும் என்பதே என் மனத்தில் நிற்கிறது.

ராபர்ட் இங்கிராமின் கதை இதற்கு நல்ல சான்று. 1966 மார்ச் 28 அன்று வியட்நாமின் குவாங் ங்காய் மாகாணத்தில் அவருடைய கம்பெனி, எண்ணிக்கையில் மிகப் பெரிய எதிரிப் படையிடம் சிக்கியது. கையில் குண்டு, முழங்காலில் குண்டு, முகத்தில் குண்டு என்று நான்கு முறை காயம்பட்டும், மாலை நான்கு மணி முதல் சூரியன் மறையும் நேரம் வரை அவர் ஒவ்வொருவராகத் தேடிச் சென்று சிகிச்சை செய்துகொண்டும், விழுந்தவர்களின் தோட்டாக்களைச் சேகரித்து நிற்பவர்களுக்குக் கொடுத்துக்கொண்டும் இருந்தார். பரிந்துரை எழுதப்பட்டது, ஆனால் தாள் எங்கோ காணாமல் போனது. அவர் பிழைத்து, வீடு திரும்பி, செவிலியராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பல ஆண்டுகள் கழித்துப் பழைய தோழர்கள் கூடியபோதுதான், அவருக்கு அந்த விருது வரவே இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்தது. மறுபடியும் சாட்சிகளைத் திரட்டி, மறுபடியும் மனுப்போட்டு, 1998 ஜூலையில் அதிபர் கிளின்டன் கையால் அவர் அதைப் பெற்றார். முப்பத்திரண்டு ஆண்டுகள். அவரை "டாக்" என்று அழைத்த மரைன்கள் விடாப்பிடியாக இருந்திராவிட்டால் அது நடந்திருக்காது.

இதைச் சொல்லும்போது மரைன்களோடு தொடர்பில்லாத ஒருவரையும் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. 1942 செப்டம்பரில் 'சீடிராகன்' நீர்மூழ்கிக் கப்பலில் மருத்துவரே இல்லாத நிலையில், வீலர் லைப்ஸ் என்ற உதவியாளர், வளைத்த கரண்டிகளையும் தேநீர் வடிகட்டியையும் கருவிகளாகக் கொண்டு ஒரு மாலுமியின் குடல்வாலை வெட்டியெடுத்துப் பிழைக்க வைத்தார். கடற்படை அவருக்கு ஒரு பாராட்டுப் பதக்கம் கொடுத்தது 2005இல். அதன்பின் சில வாரங்களில் அவர் இறந்துவிட்டார்.

வியட்நாமுக்குப் பிறகு மருத்துவ உதவியாளர் எவருக்கும் அந்தப் பணியில் இருக்கும்போது செய்ததற்காக மெடல் ஆஃப் ஹானர் கிடைத்ததில்லை. 2016இல் அதைப் பெற்ற எட்வர்ட் பையர்ஸ், மருத்துவ உதவியாளராகத் தொடங்கி மரைன்களோடு பணியாற்றியவர்தான் என்றாலும், ஆப்கானிஸ்தானில் பிணையாகப் பிடிக்கப்பட்ட ஓர் அமெரிக்க மருத்துவரைத் தம் உடலால் மறைத்துக் காத்தபோது அவர் சீல் அதிரடிப் பிரிவுக்கு மாறியிருந்தார். ஈராக்கில், 2003 மார்ச் 23 அன்று நாசிரியா நகரில், லூயிஸ் ஃபொன்சேகா என்ற உதவியாளர் தாக்கப்பட்ட கவச வாகனத்திலிருந்து காயக்காரர்களை மீட்டுச் சிகிச்சை செய்ததற்காக நேவி கிராஸ் பெற்றார்.

ஐவோ ஜிமா காலத்திலிருந்து தொழிலும் மாறிவிட்டது. ஃபிராங்க் பட்லர் என்ற கடற்படை மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் 1996இல் வெளியிட்ட களச் சிகிச்சை வழிமுறை, முதலில் இரத்தத்தை நிறுத்து, மூச்சுப்பாதை அதற்குப் பிறகு என்று பழைய வரிசையையே மாற்றியது. கை கால்களை இறுக்கிக் கட்டினால் உறுப்பு போய்விடும் என்று அஞ்சி ஒதுக்கி வைத்திருந்த டூர்னிக்கெட் பட்டை ஒவ்வொருவரிடமும் திரும்பி வந்தது. ஒரு கையாலேயே மாட்டித் திருகும்படி அமைந்த அதைத் தமக்குத் தாமே போட்டுக்கொள்ள மரைன்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் "டாக்"கின் வேலையானது. காயத்தில் கொட்டினால் இரத்தத்தை உறைய வைக்கும் பொடி ஒன்று 2003 வாக்கில் வந்தது. அது சூடேறித் தசையைச் சுட்டுவிட்டதால், சில ஆண்டுகளில் மருந்து ஏற்றிய துணி அதன் இடத்தைப் பிடித்தது. சாம்பலில் நட்ட துப்பாக்கியும் பிளாஸ்மாப் புட்டியும் போய், பக்கத்தில் நிற்கும் மரைனிடமிருந்தே இரத்தம் எடுத்துக் களத்திலேயே ஏற்றும் பயிற்சி இப்போது நடக்கிறது.

பதக்கம் பெறாத பெரும்பான்மையினருக்கான அங்கீகாரம் 2000ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட ஒரு சின்னம். மரைன் படையின் கழுகும் உலக உருண்டையும் நங்கூரமும், அடியில் குறுக்காக வைத்த இரண்டு துப்பாக்கிகளும் கொண்ட அதை அணிய வேண்டுமானால், மரைன்களின் வரலாறு, ஆயுதங்கள், வரைபடம், வானொலி எல்லாவற்றையும் படித்து, எழுத்துத் தேர்வும் அதன்பின் வாய்மொழித் தேர்வும் தேற வேண்டும். மரைனாகப் பயிற்சி பெறாதவருக்குத் தரப்படாத கழுகும் நங்கூரமும் இந்த வழியாகவே ஒரு கடற்படைக்காரரின் மார்புக்கு வந்து சேர்கின்றன. ஐந்தாம், ஆறாம் மரைன் ரெஜிமென்ட்களில் பணியாற்றுபவருக்கு, முதல் உலகப்போரில் பிரெஞ்சு அரசு அளித்த பச்சை சிவப்புத் தோள்கயிற்றை அணியும் உரிமையும் அங்கிருக்கும்வரை உண்டு.

இரண்டு வீட்டுப் பிள்ளையாக இருப்பதில் குறையும் இருக்கிறது. தரைப்படை தன் மருத்துவ உதவியாளர்களுக்கென்று 1945 முதல் தனிப் போர்முனை மருத்துவச் சின்னம் வைத்திருக்கிறது. கடற்படையில் அதற்கு இணையானது இல்லை, மற்ற எல்லோருக்கும் பொதுவான போர்ச்செயல் பட்டைதான். பதவி உயர்வுத் தேர்வு கடற்படையுடையது என்பதால், பதுங்குகுழியில் ஆண்டைக் கழித்தவர் மருத்துவமனையில் புத்தகத்தோடு இருந்தவரோடு போட்டியிட வேண்டும். ஐவோ ஜிமாவில் கொடியேற்றும் புகழ்பெற்ற படத்தின் ஆறு பேரில் ஒருவர் பிராட்லி என்று எழுபதாண்டுகள் நம்பப்பட்டது. வாஷிங்டனை அடுத்த ஆர்லிங்டனில் உள்ள வெண்கலச் சிலையும் அந்த நம்பிக்கையில்தான் வடிக்கப்பட்டது. 2016இல் மரைன் படை மறுபடி ஆராய்ந்து, அந்தப் படத்தில் பிராட்லி இல்லை, ஹரல்ட் ஷுல்ட்ஸ் என்ற மரைன்தான் ஆறு பேரில் ஒருவர் என்றும், பிராட்லி அதற்கு முன் ஏற்றப்பட்ட சிறிய கொடியோடு இருந்தவர் என்றும் அறிவித்தது. படத்துக்காக உலகமே தெரிந்துவைத்திருந்த அவர், நேவி கிராஸைப் பற்றி வீட்டில் வாய் திறந்ததில்லை. 1994இல் அவர் இறந்த பிறகே குடும்பத்தாருக்கு அது தெரியவந்தது.

கடற்படை தன் பங்குக்குக் கப்பல்களுக்கு இவர்களுடைய பெயர்களைச் சூட்டி வருகிறது. கொரியாவில் இறந்த எட்வர்ட் பென்ஃபோல்டின் பெயரில் ஒரு நாசகாரிக் கப்பல் இன்றும் ஓடுகிறது. கொரியாவில் விருது பெற்ற ஐவரில் உயிரோடு திரும்பியவர் வில்லியம் ஷரெட் மட்டும். 1953 மார்ச் 27 அன்று அவர் கட்டுத்துணி தீர்ந்ததும் தம் உடையைக் கிழித்துக் கட்டினார். தம் குண்டுதாங்கும் மேலுடுப்பைக் கழற்றிக் காயக்காரருக்குப் போர்த்தினார். 1958 மே 26 அன்று 'கேன்பரா' கப்பலின் தளத்தில் அவரை நிறுத்தி ஒரு வேலை கொடுத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் இறந்து, பெயர் தெரியாமல் போன இருவருடைய பேழைகள் அவர் முன்னால் வைக்கப்பட்டிருந்தன. நாட்டின் பெயரறியா வீரராக ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட வேண்டியவர் யார் என்று அவர் தேர்ந்தெடுக்க வேண்டும். யாரை முதலில் பார்ப்பது என்று காயக்காரர்களுக்கு நடுவே முடிவு செய்து பழகியவரிடம், எந்தக் குறிப்பும் இல்லாத இரண்டு பேழைகள். அவர் ஒன்றின் அருகே மலர்வளையத்தை வைத்துவிட்டு வணங்கினார். மற்றது கடலில் இறக்கப்பட்டது.